எட்டு ஆடும் மூன்று கோழியும்

நான் கணக்கு வாத்தியார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன ஆசை வந்தாலும் அதைப் பெருக்கிப் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில்தான் விழும். செமிலிங் என்ற ஊரில் தோட்டத்து ஓரமாகக் குடியிருக்கும் என் தங்கையின் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலை வேலை அலுத்துவிட்டது. ஆடு வளர்த்தே பிழைத்துக்கொள்ளலாம் என்றார். கோழிதான் சீக்கிரம் பெருகும் என்றாள் தங்கை.

"நீயே போட்டுக் காட்டுண்ணே!"

பழைய காலண்டரின் முதுகில் அடுக்குக்குறிச் சார்பு போட்டேன். இது கூட்டிக்கொண்டே போவதல்ல, பெருக்கியதையே மறுபடி பெருக்குவது. எட்டு ஆடு வருஷத்துக்கு இரட்டிப்பு, மூன்று கோழி வருஷத்துக்கு மும்மடங்கு. இரண்டு வருஷம் ஆடுதான் முன்னால். மூன்றாம் வருஷம் ஆடு அறுபத்து நாலு, கோழி எண்பத்தொன்று.

"பாத்தீங்களா?" என்று தங்கை குதித்தாள்.

"கோழி முந்திட்டுப் போவட்டும் லா. அறுபத்து நாலு ஆடு இருந்தா நான் எதுக்கு பேக்டரிக்குப் போறேன்? மூனு வருஷம், அப்புறம் வேலைய விட்டுடுறேன் மச்சான்" என்றார் அவள் வீட்டுக்காரர் என்னிடம்.

கணக்கு என்னமோ சரிதான். கோழிகளை உடும்பு கவனித்துக்கொண்டது. ஆடுகளை முனீஸ்வரர். மச்சானுக்கு எதற்கெடுத்தாலும் கிடா நேர்ந்துகொள்ளும் பழக்கம். கார் வாங்கினால் ஒன்று, அக்காள் மகன் பரீட்சையில் தேறினால் ஒன்று. என் சூத்திரத்தில் சாமிக்கு இடமே விடவில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"நேந்துக்கிறத கொஞ்சம் நிறுத்துங்க மச்சான்! இப்படியே போனா பட்டி எப்படிப் பெருகும்?" என்று கத்தியே விட்டேன்.

மனிதர் வாயைக் கட்டினார். பட்டி மெல்ல மெல்ல இருபதைத் தாண்டியது. வேலையை விடுவது பற்றி முதலாளியிடமே பேசிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கைக்கு டெங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். எங்களுக்கு உயிரே இல்லை. காய்ச்சல் இறங்கியதும் மச்சான் அவள் பிழைக்க நேர்ந்துகொண்டதைச் செலுத்தினார். கிடாக்கள் பூசைக்கு, பெட்டைகள் கோயிலுக்கு. வீடு திரும்பிய தங்கை பார்க்கிறாள், பட்டியில் ஒரு குட்டிகூட இல்லை.

"ஒரு கிடா நேந்திருந்தா பத்தாதா? இனி ஆயுசுக்கும் பேக்டரிதானா?" என்று அழுதுகொண்டே ஏசினாள்.

மச்சான் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒன்னு நேந்து, அது பத்தலன்னா நான் என்னா பண்ணுவேன்?" என்றார்.

தங்கை எழுந்து போய் அவருக்குச் சோறு கட்டினாள்.