வெல்ஃபேர் கார் வாசலில் நின்றால்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை மணி 9.35. மலேசியாவின் ஈப்போவில் மேகமூட்டம். மழை வரும் என்று குடை எடுத்துப் போனேன்... வரவில்லை.

குழந்தைகள் நலப் பணியாளர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் மூவர் குழுவில் நான் சம்பளமில்லாத மூன்றாவது ஆள். ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரியை இப்படிப்பட்ட இடத்தில்தான் உட்கார வைப்பார்கள். எண்ணுவதற்கு ஏதாவது கொடுத்துவிட்டால் பேசாமல் இருப்பான் அல்லவா?

அன்று வந்த புகார்தாரர் சேகர். லாரி ஓட்டுநர், வயது முப்பத்தெட்டு. செமோர் பக்கம், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். மனைவி இறந்தபின், எட்டு வயது மகள் தர்ஷினியைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். பள்ளியிலிருந்து வெல்ஃபேர் அலுவலகத்துக்குத் தகவல் போனது. பிள்ளை குழந்தைகள் இல்லத்துக்குப் போனாள்.

பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒருவர் இருந்தால் திரும்பக் கொடுக்கலாம் – இதுதான் நிபந்தனை. யாரும் கிடைக்காவிட்டால்? அடுத்த மாதம் நீதிமன்றம் பிள்ளையை இல்லத்திலேயே வைக்கச் சொல்லிவிடும்.

புகார், ஷாலினி என்ற பணியாளர் மீது. லஞ்சம் கேட்டார், கத்தினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்பது பேருக்கு நகல்.

ஆதாரம் கேட்டார்கள். சேகரிடம் இல்லை. மூடிவிடலாம் என்று தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஒன்பது நகல் அனுப்பியவன் சும்மா அனுப்பியிருப்பானா?

"தம்பி, இந்த மூனுல எது நடந்துச்சு?"

சேகர் தரையைப் பார்த்தார். "எதுவும் நடக்கல சார். கோப்பெங்ல இருக்குற என் மச்சான்தான் எழுதிக் குடுத்தாரு. சின்ன விசயத்த எழுதுனா யாரும் பாக்க மாட்டாங்கன்னாரு."

"அந்தச் சின்ன விசயம் என்ன?"

"காரு சார்."

பிறகு மெதுவாகச் சொன்னார். வீட்டைப் பார்வையிட ஷாலினி வந்தது, கதவில் அலுவலகப் பெயர் எழுதிய வெள்ளைக் காரில். நேரே வாசலில் நிறுத்தினார். அந்த வரிசையில் அந்தக் காருக்கு ஒரே அர்த்தம்தான் – பிள்ளையைத் தூக்கிப் போக வந்துவிட்டார்கள். எதிர்வீட்டில் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்களாம். தர்ஷினியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, அன்று சாயங்காலமே முடியாது என்றுவிட்டார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். நாளை அந்தக் கார் அவர் வாசலில் நின்றால்?

ஷாலினியை அழைத்தோம். முகத்தில் கோபமில்லை, களைப்புதான். "ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் காருதான் அங்கிள். வேற எடத்துல நிறுத்துனா, ஏன் அங்க நிறுத்துனேன்னு இன்னொரு புகார் வரும்."

லஞ்சப் புகார் என்பதால், விசாரணை முடியும்வரை அவர் சேகர் வீட்டுப் பக்கமே போகக் கூடாது. வேறு யாரும் போகவும் இல்லை. மகளுக்காகச் சொன்ன பொய், மகளையே இல்லத்தில் கட்டிப் போட்டிருந்தது. எழுதிய மச்சானுக்கு அது தெரிந்திருக்குமா?

என் முடிவை எழுதினேன்: குற்றச்சாட்டுகள் மூன்றும் பொய். புகார் உண்மை.

தலைவர் இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த முறை வீட்டைப் பார்க்கப் போகும்போது குழுவில் ஒருவர் சாட்சியாகப் போகலாம், அலுவலகக் கார் வேண்டாம் என்று முடிவானது. யார் காரில் போவது என்று கேட்டார்கள். என் காரில்தான்... வேறு யார் தருவார்கள்?

சனிக்கிழமை மாலை நானும் ஷாலினியும் போய் இறங்கினோம். ஒரு கதவும் சாத்தவில்லை. எட்டிப் பார்த்தார்கள். லெட்சுமி அக்கா கையில் தேத்தண்ணீரோடு வந்தே விட்டார். ஷாலினியை மேலும் கீழும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"என்னா சேகரு, பொண்ணையே வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்களா?"

சேகருக்கு வியர்த்துவிட்டது. ஷாலினி கல்யாணப் பெண்ணாம், நான் பெண்ணின் தகப்பனாம்.

"அக்கா, நான் வெல்ஃபேர்" என்றார் ஷாலினி. அப்படியே பேசாமல் இருந்திருக்கலாமே என்று எனக்குப் பதறியது.

அக்கா தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு அந்தக் காருல வந்த மிஸ்ஸா? காரு இல்லாம பாத்தா மனுசி மாதிரிதான் இருக்கீங்க."

உட்கார்ந்தார். மனதில் கிடந்ததையெல்லாம் கேட்டார். தர்ஷினி விழுந்து அடிபட்டால் தன்னைப் பிடிப்பார்களா? தன் பிள்ளைகளைப் பற்றியும் எழுதிக்கொள்வார்களா? ஷாலினி ஒவ்வொன்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. சேகர் கதவோரம் நின்றபடியே இருந்தார்.

"சரி, ஸ்கூல் விட்டு என் வீட்டுக்கே வரட்டும். அந்தக் காரு மட்டும் வேணாம்லா மிஸ்."

பெரிய புகாருக்கு நம்மிடம் குழு உண்டு, விதி உண்டு, நாற்காலிகள்கூட உண்டு. சின்னப் புகாரை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது? இடமில்லாததால்தான் ஜனங்கள் அதை ஊதிப் பெரிதாக்கி எடுத்து வருகிறார்கள். நாமும் ஊதியதை மட்டும் உடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறோம்.

மார்ச்சில் நீதிமன்றம் அனுமதித்தது. சேகரிடம் இருப்பது முதலாளியின் லாரி. ஆகவே இல்லத்திலிருந்து இருவரையும் நான்தான் ஏற்றி வந்தேன். வழி நெடுக அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி வந்த தர்ஷினி, செமோர் வருவதற்குள் தூங்கிப்போனாள். கையிலிருந்த மைலோ முழுவதும் என் பின் சீட்டில்.

பெட்ரோல் பதினான்கு வெள்ளி ஐம்பது காசு. சீட் கழுவ நாற்பத்தைந்து. ஆக மொத்தம் ஐம்பத்தொன்பது வெள்ளி ஐம்பது காசு.