வேன் ஸ்பீக்கரில் கேட்டது

மாமியார் இருக்கிற வீட்டில் மருமகன் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாட முடியுமா? கீழக்கரையில் முடியாது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் போனேன், ஆறு வருஷமாகிறது. இன்றைக்கும் நான் கூடத்துக்கு வந்தால் மாமி முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்குத் தனித் தட்டு, தனிக் கிளாஸ். இவ்வளவு மரியாதையையும் வாங்கிக்கொண்டு, கையில் கன்ட்ரோலரை வைத்து "அடி, அடி, கோல்!" என்று கத்தினால் நன்றாகவா இருக்கும்?

அந்த கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் என் சிநேகிதன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒன்பது வருஷமாக வளைகுடாவில் இருக்கிறான். அங்கே ஒரு கம்பெனியில் எந்த டிரைவர் எந்த வண்டியை எடுப்பது என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது பெட்டியை என் மடியில் வைத்தான்.

"மாப்ளே, இப்போதைக்கு நீ இங்கன இருந்து வெளாடு, நான் அங்கன இருந்து வெளாடுறேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நெட்ல சேருவோம். எங்க கம்பெனில டிரைவர் விசா விழுந்ததும் மொத ஆள் நீதான். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல ஒக்காந்து வெளாடுவோம்."

அந்த விசாதான் எனக்கு எல்லாம். என்னிடம் ஒரு வேன் இருக்கிறது. கீழக்கரையிலிருந்து மதுரை ஏர்போர்ட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவேன், வருகிறவர்களைக் கூட்டி வருவேன். இடையில் ராமேஸ்வரம், தனுஷ்கோடிக்கு யாத்திரைக்காரர்கள். பாதி ஊரை ஏர்போர்ட்டில் இறக்கி விட்டவன் நான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் மட்டும் போனதில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் எவனாவது கேட்பான்: "என்ன, எப்ப பயணம்?" பயணம் போகாத மாப்பிள்ளை என்றால் மாமியார் வீட்டில் சும்மா கிடக்கிற மாப்பிள்ளை என்று அர்த்தம். யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே சொல்லிவிடுவார்கள், அதில் எங்கள் ஊர் கெட்டிக்கார ஊர்.

வீட்டில் விளையாட முடியாது, சரி. வேன் என்னுடையதுதானே? யாத்திரைக்காரர்கள் படம் பார்ப்பதற்காக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு டிவி மாட்டியிருந்தேன். பெட்டியை அதில் சேர்த்தேன். படம் வந்தது. சத்தம் டிவிக்குப் பின்னாலிருந்து கொசு மாதிரி வந்தது. வேனில் நாலு ஸ்பீக்கர், பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஊஃபர். அவ்வளவையும் வைத்துக்கொண்டு கொசுச் சத்தத்தில் ஃபுட்பால் விளையாட எனக்கென்ன தலையெழுத்தா?

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆக்ஸ் ஒயர் செருக ஓட்டையே இல்லை. கன்ட்ரோலரில் மட்டும் ஹெட்போன் செருகுகிற ஓட்டை இருந்தது. அதில் ஒயரின் ஒரு முனையையும் வேன் டெக்கின் ஆக்ஸில் மறுமுனையையும் செருகினேன். சத்தம் வந்தது, கூடவே 'ஙொய்' என்று ஒரு இரைச்சலும் வந்தது. எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரைச்சலும் கூடவே ஏறியது. ராமநாதபுரத்தில் கார் ஆடியோ மாட்டுகிற கடையில் போய் நின்றேன். கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பெட்டிக்கு கரண்டும் டெக்குக்கு கரண்டும் ஒரே பேட்டரில இருந்துல்ல வருது, எர்த் சுத்துது" என்று சொல்லி, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பாவை ஒயருக்கு நடுவில் மாட்டிக் கொடுத்தார். இரைச்சல் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. மைக் கன்ட்ரோலருக்குள்ளேயே இருந்ததால் நான் பேசுவது அவனுக்குப் போனது. அவன் அங்கே இருமினால் என் பின் சீட்டில் உட்கார்ந்து இருமுகிற மாதிரி கேட்டது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, வெட்கமாக இருக்கிறது இப்போது நினைத்தால்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அஸர் தொழுதுவிட்டு வேனைக் கடற்கரையில் ஜெட்டி பக்கம் கொண்டுபோய் நிறுத்துவேன். கதவைத் திறந்து போட்டால் காற்று. என் மனைவியும் வருவாள். ஃப்ளாஸ்கில் தேத்தண்ணி, ஒரு டப்பாவில் சமோசா. எனக்குப் பின்னால் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் நான் சிநேகிதனிடம் கேட்பேன், "மாப்ளே, விசா என்னாச்சு?" அவன் "இன்னும் எறக்கல மாப்ளே, பொறு" என்பான். பெட்டியை அணைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தேத்தண்ணியை ஊற்றி நீட்டி, "இன்ஷா அல்லாஹ் கெடைக்கும் மச்சான், மனச விட்டுறாதீங்க" என்பாள். வாரா வாரம் சொன்னாள். ஒரு வாரம்கூட மறக்கவில்லை.

இதற்கிடையில் சிநேகிதனின் மச்சினன், அதாவது அவன் மனைவியின் தம்பி, அங்கே கிளம்பினான். என் வேனில்தான் ஏர்போர்ட் போனான். எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கம் எல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொல்வார்கள். இவன் ஒரு வீடும் ஏறவில்லை. வழியில் கேட்டேன். எங்கள் ஊரில் அண்ணன் முறை என்றால் காக்கா. "ஒரு மாசம்தான காக்கா, சும்மா மச்சானப் பாத்து ஊரச் சுத்திட்டு வாரேன். இதுக்குப் போயி எதுக்குப் பயணம் சொல்லிக்கிட்டு" என்றான். நியாயம்தானே என்று நினைத்தேன். ஊர் சுற்ற எதற்கு இவ்வளவு பெரிய இரண்டு பெட்டி என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, நானே தூக்கி இறக்கி வைத்தேன். என் மனைவி சிநேகிதனுக்கு என்று ஒரு டப்பா தொதல் அல்வா கொடுத்தனுப்பினாள். அதையும் அவன் கையில் பத்திரமாகக் கொடுத்து, கட்டிப்பிடித்து, துஆச் செய்து அனுப்பி வைத்தேன். கிறுக்கன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. நான் இரண்டு கோல், அவன் ஒன்று. அவனுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், அங்கே அப்போதுதான் அஸர். "மாப்ளே, நிறுத்தி வை. நாலு ரக்அத், தொழுதுட்டு ஓடியாறேன்" என்றான். கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்ட சத்தம் கேட்டது. மைக்கை அணைக்கவில்லை. முஸல்லாப் பாயை உதறி விரித்தான். "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தான். என் வேனுக்குள் அவ்வளவும் தெளிவாகக் கேட்டது.

பிறகு ஒரு கதவு திறந்தது. செருப்புச் சத்தம். யாரோ ஃபோனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தான்.

"சாப்ட்டேன் புள்ள... ஆமா, காலைல டூட்டிதான். விசா அடிச்சாச்சு, டிரைவர் விசாதான். ரெண்டு வருசத்துக்கு."

மதுரை வரைக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்த குரல். எனக்குத் தெரியாமல் போகுமா?

"சுப்ஹானல்லாஹ்" என்றான் சிநேகிதன்.

தொழுகையில் நிற்கிறவன் பேச முடியாது. எதிரே ஏதாவது தப்பாக நடந்தால் எச்சரிக்கை கொடுப்பதற்கு மார்க்கம் ஒரே ஒரு வழி விட்டிருக்கிறது, சுப்ஹானல்லாஹ் என்று உரக்கச் சொல்லலாம். அவன் சொல்கிறான். மச்சினனுக்குப் புரியவில்லை.

"ஊர்ல யார்ட்டயும் மூச்சு விட்றாத. அந்த வேன் காக்கா காதுக்குப் போச்சு, அவ்வளவுதான். அவருக்குன்னு வச்சிருந்த எடமாம்ல இது..."

"சுப்ஹானல்லாஹ்!"

"இங்க மச்சான் தொழுவுறாங்க. நான் வெளிய போயிப் பேசுறேன், இரு."

"சுப்ஹானல்லாஹ்!" மூன்றாவது தடவை கத்தினான் என்றே சொல்ல வேண்டும். என் ஊஃபர் அதிர்ந்தது.

அந்த சுப்ஹானல்லாஹ் இல்லாவிட்டால் நானே அவனுக்காக ஆயிரம் சமாதானம் கண்டுபிடித்திருப்பேன். கம்பெனிக்காரன் மேலிருந்து நெருக்கியிருப்பான், வீட்டில் அவன் மனைவி அழுதிருப்பாள், எனக்கு அடுத்த விசா வைத்திருப்பான், இப்படி. எனக்குத் தெரியக்கூடாது என்று அவன் பதறிய பதற்றம் இருக்கிறதே, அதற்குச் சமாதானம் கிடையாது. தொழுகையை முறிக்காமல் முடித்தான். நல்ல தொழுகையாளி!

கட்டிலில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்தான். "மாப்ளே... இருக்கியா?"

"இருக்கேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஏன்டா, ஒன் மச்சினன என் வண்டியிலயே ஏத்தி, என்னையே பெட்டி தூக்க வச்சுக் கூப்புட்டுக்கிட்டியே, ஒனக்கு மனசாட்சி இருக்காடா? வேற வண்டியா கெடைக்கல?"

"மாப்ளே, கத்தாத. ஸ்பீக்கர்லயா போட்டுருக்க? தங்கச்சி பக்கத்துல இருக்கா?"

"இருக்கா. அவளும்தான் கேட்டா. நல்லா கேக்கட்டும், என் சிநேகிதன் லட்சணத்த."

 அவன் மூச்சு வாங்குவது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"அப்ப தங்கச்சிட்டயே கேளு" என்றான். "ரமலானுக்கு முந்தியே விசா எறங்கிருச்சு. மொத ஃபோன் ஒனக்குத்தான் அடிச்சேன். நீ குளிச்சிக்கிட்டு இருந்த, தங்கச்சி எடுத்துச்சு. விசயத்தச் சொன்னேன். அழுதுச்சு. 'காக்கா, அவுகள கூப்புடாதீங்க, அவுகட்ட சொல்லவும் செய்யாதீங்க'ன்னு அல்லாஹ் பேரச் சொல்லிக் கெஞ்சுச்சு. நான் என்ன செய்ய? நாலு மாசம் எடத்தப் புடிச்சு வச்சிருந்தேன், அப்புறம் சும்மா விடுறதுக்குப் பதிலா என் மச்சினனுக்குக் குடுத்தேன். தப்புதான். ஒன்ட்ட மறச்சது தப்புதான்."

ஜெட்டியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒயரைப் பிடுங்கினேன். அப்புறம்தான் பின்னால் திரும்பினேன்.

பொய், அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்வாள் என்று அந்த நிமிஷம்கூட எதிர்பார்த்தேன். அவள் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகி மூடிக்கொண்டிருந்தாள். "ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றாள்.

"ரமலானுக்கு முந்தின்னா அஞ்சு மாசம். அஞ்சு மாசமா வாரா வாரம் நான் அவன்ட்ட பிச்சக்காரன் மாதிரி கேக்குறத இதே சீட்ல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க. 'இன்ஷா அல்லாஹ் கெடைக்கும்'னு எந்த வாயால சொன்ன?"

"நீங்க மொகத்தத் தொங்கப்போட்டு இருந்தீங்க. வேற என்ன சொல்ல? உள்ளுக்குள்ள கெடைக்கக் கூடாதுன்னுதான் துஆ கேட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் வேனை விட்டு இறங்கி நின்றேன். அவள் உள்ளே இருந்தே பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"எங்க வாப்பா ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவாங்க. வந்தா நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிருவேன், யாரோ ஆம்பள வந்துருக்காகன்னு. பழகி மடியில ஏறி ஒக்கார்றப்ப லீவு முடிஞ்சிரும். கடைசில மவுத்தானதும் அங்கனயேதான். அங்கனயே அடக்கிட்டாங்க. உம்மா அவுக மொகத்தக்கூடப் பாக்கல. எங்க வீட்ல வருசம் முழுக்க ராத்தங்குன மொத ஆம்பள நீங்கதான் மச்சான், தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியும். அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தவனுக்கு அது தெரியாதா? அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதனால் என் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. நியாயம் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? என் பயணம் நான் போவதா வேண்டாமா என்று என் மனைவியும் என் சிநேகிதனும் பேசி முடித்திருக்கிறார்கள், நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டிருந்தா போகாம இருந்திருப்பீங்களா?"

"இருந்திருப்பேன்."

அது பொய். அடுத்த ஃபிளைட்டில் போயிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போவோம், மஃரிபுக்கு நேரமாச்சு" என்றாள்.

சிநேகிதன் அதற்கப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை, அவனும் விட்டுவிட்டான். அவனை மறந்துவிட முடியும், அவன் கடல் தாண்டி இருக்கிறான். இவளோடு ஒரே வீட்டில், அவள் வீட்டில், இருக்கிறேன். சோறு போடுகிறாள், சாப்பிடுகிறேன். சட்டை தேய்த்து வைக்கிறாள், போட்டுக்கொள்கிறேன். சண்டை கிடையாது. குளித்துவிட்டு வந்தால் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் ஃபோனைத்தான் எடுக்கிறேன். "யாரும் கூப்புடல மச்சான்" என்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்து, யார் யார் கூப்பிட்டார்கள் என்று மேலிருந்து கீழே வரைக்கும் பார்க்கிறேன். யாரும் கூப்பிட்டிருப்பதில்லை. அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு நாளும். மறுநாளும் பார்க்கிறேன்.