தொட்டுக் கும்பிட்ட தண்ணீர்

லாரி கழுவும் தொழிலில் லாரி மட்டும்தான் சுத்தமாகும். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் ரோட்டோரத்து வாட்டர் சர்வீஸ் ஒன்றில் சேர்ந்து ஆறு வருஷம், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் கன் பிடித்தேன். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணோடு காலம் தள்ளிய சகோதரர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

கிட்டே வைத்து அடி

கன்னை இரண்டு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும், சாய்த்து அடிக்க வேண்டும். இது பிடிக்கிறவனுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று அதிகாரம் செய்கிறவருக்குத் தெரியாது. திருச்செங்கோட்டு லாரிக்காரர் ஒருவர், கேபின் நெற்றியில் செம்மண் போகவில்லை, கிட்டே வைத்து அடி என்று நச்சரித்தார். பெயிண்ட் பெயர்ந்துவிடும் என்றேன். தண்ணீர் என்ன உளியா என்றார். அடித்தேன். மண் போனது, அங்கே எழுதியிருந்த அவர் மகள் பெயரில் இரண்டு எழுத்தும் போயின. “கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள பேரை அழிச்சுப்போட்டியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா சாமி?”

முதல் தண்ணீர்

ஒரு ஆயுத பூஜைக்கு முதலாளி புது பம்பு இறக்கினார். பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டியதும் முதல் தண்ணீரை நான் அடித்தேன். கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்ட அதே கையை முதலாளி கன் முனைக்கு நீட்டினார். தண்ணீரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறார் என்று புரிந்தது. வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். நல்ல காரியத்தின்போது அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவன் நான். கன்னைத் திருப்புவதற்குள் தொட்டுவிட்டார்.

ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியதுபோல் ஒரு ஓட்டை. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. டிங்சர் தடவிக்கொண்டு அடுத்த லாரியைக் கழுவும் மேடையில் ஏற்றச் சொன்னார். மூன்றாம் நாள் கை முழங்கை வரை வீங்கி, அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். தண்ணீரும் அழுக்கும் உள்ளே புகுந்து சதை அழுகிவிட்டதாம். அன்றைக்கே வந்திருந்தால் விரல் பிழைத்திருக்குமாம். எடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டு பார்க்கப் போன என்னிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கன்னைப் புடிச்சிருந்தவன் நீதானே?”

அடுத்த பூஜை

போன வருஷம் முறை தப்பிவிட்டது, வேலைக்காரன் கைதான் தண்ணீரில் முதலில் பட வேண்டும் என்று யாரோ முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். கற்பூரம் காட்டியதும், இன்னொருவன் கையில் கன்னைக் கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் என்னைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். வீட்டில் நான்கு பேர் சாப்பிடுவது இந்தக் கைகளால்தான். மாட்டேன் என்றாலும் வேலை போய்விடும். நேராகப் போய் மோட்டாரை நிறுத்தினேன். கன்னை வாங்கி விசையை அழுத்தி, குழாயில் மிச்சமிருந்த வேகத்தையும் வெளியே விட்டேன். பிறகு முனையில் சொட்டிய தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பூஜையில் ஓடுகிற மோட்டாரை நிறுத்துவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று தொழிலில் இருந்த உங்களுக்குத் தெரியும். முதலாளி மிச்சமிருந்த நான்கு விரலால் ரோட்டைக் காட்டினார். “நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராத சாமி.”

அந்த வருஷம் பூஜை போனஸாக எனக்குக் கிடைத்தது என்னுடைய பத்து விரல்கள்தான்.