பெரட்டுக் களத்தில் ஏழு நிமிடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் ஒரு லோரி கம்பெனியில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது நடந்தது இது. எங்கள் சீன முதலாளி, தவுக்கே, தன் ஆறு லோரிகளிலும் புதுவகை மீட்டர் ஒன்றைப் பொருத்தினார். உள்ளே தட்டு மாதிரி ஒரு வட்டத்தாள் சுழலும். வண்டி எப்போது கிளம்பியது, எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது என்று ஊசி அதில் கீறிக்கொண்டே போகும். அந்தத் தாள்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது என் வேலை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை விட்டு எழாமலே ஆறு டிரைவர்களின் குடுமியும் என் கையில் அல்லவா!

சீக்கிரமே ஒருவர் அகப்பட்டார். பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்ற விடியற்காலையில் போகிறவர். தினமும் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் வண்டி நின்றது, சரியாக ஏழு நிமிடம். தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், துண்டு துண்டாக விற்கப்பட்டு ஜனங்கள் வெளியேறிவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டம் அது. ஆளில்லாத இடத்தில் இவருக்கு என்ன வேலை? டீசல் இறக்கி விற்கிறார் என்று நானே முடிவு கட்டி, தவுக்கேயிடம் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமையோடு கணக்கு முடித்துவிடுவதாகத் தவுக்கே சொல்லிவிட்டார். டிரைவருக்கு மூன்று பிள்ளைகள். அது தெரிந்தும்தான் செய்தேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"நான் எங்கயும் நிக்கலலா தம்பி. நம்பலன்னா நாளைக்கு நீங்களே கூட வாங்க, போலாம்," என்றார்.

நான் பக்கத்தில் இருந்தால் நிறுத்த மாட்டார், அன்றைய தாளில் கோடு விழாது, அதுவே சாட்சியாகிவிடும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே சம்மதித்தேன்.

மறுநாள் இருட்டு பிரியாத நேரம். நல்ல பனி. அந்தத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியதும் நோட்டுப் புத்தகத்தை விரித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, 6.05 என்று எழுதினேன். இருபுறமும் தொழிலாளிகள் குடியிருந்த, கதவு பெயர்க்கப்பட்ட லயன் வீடுகள். நடுவில் பெரட்டுக் களம். தோட்டத்தில் தினமும் விடியுமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கிராணி பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்கும் திடல். வண்டி அதைக் கடந்து போனது. டிரைவரின் கால் பிரேக் பக்கமே போகவில்லை. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வளைவில் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். 6.13.

ஒரு நிமிடம்கூட ஆகாத தூரம் அது. கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டேன், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கால் சில்லென்று இருப்பது தெரிந்தது. என் சப்பாத்து பனியில் நனைந்திருந்தது. கால்சட்டை ஓரமெல்லாம் ஒட்டுப்புல் விதை. கிளம்பியதிலிருந்து நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

நோட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். 6.05க்குக் கீழே பக்கம் முழுக்க டிக். பேர் இல்லை, வெறும் டிக், ஒன்றன்கீழ் ஒன்றாக. நான் போடும் டிக்குக்கு வால் நீளம், ஆபீஸில் அதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். அத்தனையும் வால் நீண்டவை.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு டிக்காக விரல் வைத்துப் பார்த்தார்.

"நான் பொறந்த தோட்டம் தம்பி இது. அப்பா, அம்மா ரெண்டு பேரும் இங்கதான் மரம் சீவினாங்க. இங்கயேதான் பொதைச்சோம்," என்றார். பிறகு, "இத்தன நாளா கிராணி இல்லாம எப்படித்தான் பேர் கூப்பிட்டாங்களோ," என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மீட்டரைத் திறந்தேன். ஆறு ஐந்திலிருந்து ஆறு பன்னிரண்டு வரை, அதே கோடு.

என்னவென்று சொல்வது தவுக்கேயிடம்? 'மீட்டர் கோளாறு, டிரைவர் மீது தப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் வேலையில் எழுதிய முதல் பொய். அந்த வண்டி கிளம்பும் நேரத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் செய்தேன். அதன் பிறகு அந்தக் கோடு விழவில்லை. டிரைவரின் வேலை நிலைத்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், சாலையோர ஒட்டுக்கடையில் அவருக்கு ஒரு கிளாஸ் தே வாங்கிக் கொடுத்தேன். அவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் குடித்தார்.

பிறகு எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ ஆட்களை விசாரித்துவிட்டேன். ஆனால் கண்ணெதிரே தாள் ஒரு குற்றத்தைச் சொல்ல, எதிரே நிற்பவர் "எனக்குத் தெரியாதுங்க" என்று கண் கலங்கும்போது, யாருக்காகப் போட்டேன் என்று எனக்கே தெரியாத அந்த டிக்குகள் நினைவுக்கு வந்து, அவரைப் பொய்யர் என்று சொல்ல இன்றுவரை எனக்கு நா எழுந்ததில்லை.