கால் ஆணிக்கு ஒரு பிளாஸ்டர்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் செருப்புக் கடையில் ‘அரை நம்பர்’ என்று பெயர். யார் வந்தாலும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, “அரை நம்பர் பெருசா போட்டுப் பாருங்க” என்பார். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் காலைப் பிடித்தவர், தன் காலைப் பார்த்ததே கிடையாது. அதே கடையில் கல்லாவில் நான்.

மாமாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போடுவார், டீயில் சர்க்கரை கிடையாது. அதோடு அந்த விவகாரம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஒருநாள் சாக்ஸைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரலோரம் கால் ஆணி. “கெட்டியா இருக்கு மாப்ள, ஆனா வலியே இல்லை” என்றார். வலிக்காததுதான் கெட்ட சேதி என்று எனக்கு எங்கே தெரியும்? பெரிய வைத்தியன் மாதிரி ஷோகேஸில் விற்பனைக்கு வைத்திருந்த கால் ஆணி மருந்து பிளாஸ்டர் ஒன்றை எடுத்து நானே ஒட்டிவிட்டேன். அது தோலைக் கரைக்கிற மருந்து. சர்க்கரை உள்ளவர்கள் போடக் கூடாது என்று பெட்டிக்குள் மடித்த தாளில் பொடி எழுத்தில் இருந்ததாம். நாங்கள் அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போடுகிற ஜாதி.

“எரியுதா மாமா?”

“ஒண்ணுமே தெரியலை. நல்ல சரக்குடா!”

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் புதுசு மாற்றிக்கொண்டார், அப்புறம் ஒட்டினதை அப்படியே மறந்துவிட்டார். அடுத்த வாரம் கடையில் ஒரு நாற்றம். செருப்புக் கடையில் நாற்றத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது, வருகிறவன் போகிறவன் தலையில் கட்டிவிடலாம். “யாரோ மகராசன் சாக்ஸைத் துவைச்சு மாசமாச்சு போல” என்று நான் சென்ட் அடித்தேன். மாமாவும் சேர்ந்து சிரித்தார். மூன்றாம் நாள் அவர் ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் ஈரமாக ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தோம். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாதம் முழுக்க ஊசி முனையால் தொட்டார். மாமா எல்லாவற்றுக்கும் “தெரியலைங்க” என்றார்.

“உணர்ச்சியும் இல்லை, ரத்த ஓட்டமும் கம்மி. இந்தக் காலுக்கு இந்த மருந்தா? ரெண்டு விரலை எடுத்தாகணும். அதோட நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. யாரு போடச் சொன்னா?”



“நானாத்தான் வாங்கிப் போட்டுக்கிட்டேன்” என்றார் மாமா. என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஸ்ட்ரெச்சரில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இவருக்கு எதையும் படிச்சுப் பாக்குற பழக்கமே இல்லைடா. கடையில நீ பக்கத்துல இருந்து பாத்ததால இந்த மட்டுமாச்சும் தெரிஞ்சுது. நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?”

“ஆமாக்கா” என்றேன்.