சங்கிலிமுத்து இழுத்த மூச்சு

ஆமத்தூரில் பிறந்த சங்கிலிமுத்து, நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைத்தவர். கை நிதானமானது, வாய் அப்படியில்லை. 1962-இல் அந்த வாய்க்குள் ஒரு புண் வந்தது. புகையிலைப் புண் என்று ஆறு மாதம் தள்ளினார். மதுரையில் புற்று என்றார்கள், 'கரண்டு' வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பெயர்.

பதினாறு தடவை ஆனதும் வாய் வெந்துபோனது. கஞ்சிகூட இறங்கவில்லை.

"மிச்சம் ஒம்பதுக்கும் நான் போகல. செத்தாச் சாகுறேன், எனக்கென்ன பயமா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

அதே கம்பெனியில் திரி செய்த அவர் மனைவி ராமுத்தாய் அழுது பார்த்தாள், வைது பார்த்தாள். கடைசியில் யோகாசனம் தெரிந்த டிரில் மாஸ்டர் ஊர்க்காவலனிடம் கூட்டிப்போனாள். அவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகே சொல்லிக்கொடுத்தார். நாக்கைக் குழல்போலச் சுருட்டி, அதன் வழியே காற்றை இழுத்து, மூக்கால் விட வேண்டும்.

"நோய் இதுல போகாதுய்யா. எரிச்சல் கொஞ்சம் அடங்கும். வைத்தியம் கரண்டுதான்."

வீட்டில் விட்டால் கஞ்சியைக் கொட்டிவிடுவார் என்று, மறுநாள் மதியம் ராமுத்தாய் அவரைக் கம்பெனி வேப்பமரத்தடிக்கே வரவழைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மடியில் கஞ்சித் தூக்குச்சட்டி. கண்ணை மூடி, நாக்கைச் சுருட்டி இழுத்தார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

பட்டாசு வேலைக்காரர்களுக்கு அந்தச் சத்தத்தில் ஒரே அர்த்தம்தான்: எங்கோ திரி பிடித்துவிட்டது. மரத்தடியில் இருந்த முப்பது பேரும் சோற்றைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டினார்கள். போர்மேன் கண்ணுச்சாமிதான் முதலில் தாண்டினார். கூச்சலில் கண் திறந்த சங்கிலிமுத்து, ஏன் என்று கேட்காமல் ஓடி, எல்லோரையும் முந்திக்கொண்டு உடை முள்மரத்தடியில் போய் நின்றார்.

வெடிக்கவில்லை. வெகுநேரமாகியும் வெடிக்கவில்லை.

"எங்கனய்யா புடிச்சது?" என்றார் கண்ணுச்சாமி.

"என் முதுகுக்குப் பின்னாலதான் சீறுச்சு," என்றாள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட சோலையம்மாள்.

சங்கிலிமுத்து மெல்ல நாக்கைச் சுருட்டிக் காட்டினார்.

"அடப்பாவி! இனிமே இழுக்குறதுக்கு முந்தி 'நான்தான்'னு சத்தம் குடுத்துட்டு இழும்யா!" என்றார் கண்ணுச்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். ராமுத்தாய் சிரிக்கவில்லை. புருஷனின் கக்கத்தையே பார்த்தாள். தூக்குச்சட்டி அங்கே மூடி கழலாமல் இருந்தது.

"மூணு நாளா இதப் பாத்து மூஞ்சியத் திருப்புனீக. சாகப் பயமில்லன்னீக. உசுருக்கு ஓடையில இத எதுக்குத் தூக்கிட்டு ஓடுனீக?"

அவர் சட்டியின் மூடியைக் கழற்றினார்.

"பசிக்குது புள்ள."

"நான்தான்!" என்று கத்திவிட்டு மூச்சை இழுத்தார். ஒரு மிடறு குடித்தார். கண்ணில் நீர் வழிந்தது. மறுபடி "நான்தான்!" மறுபடி ஒரு மிடறு. சோற்றைப் பறிகொடுத்த முப்பது பேரும் சட்டி காலியாகும்வரை நகரவில்லை.

திங்கட்கிழமை மதுரை பஸ்ஸில் ஏறினார். மிச்சம் ஒன்பது தடவையும் போய்வந்தார். வந்த ஒவ்வொரு நாளும், வாய் எரிச்சலைவிடக் கண்டக்டரைப் பற்றித்தான் அதிகம் குறை சொன்னார்.