நான் எடுக்காமல் விட்ட பேக்கேஜ்

எஸ்டேட் மேனேஜர் ஒரு கை ஏலக்காயை என் மேசைமேல் கொட்டிய காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பச்சை போய் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. போடி ஏலக்காய்ச் சந்தையில் நிறம் போன காயை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். "ஸ்டோர்ல இருந்த காய் பூராவும் இப்பிடித்தான் கெடக்கு. யாரு பாத்த சோலி இது?" என்று கேட்டார். நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

அதில் இருந்தவள் எங்கள் அலுவலகத்துத் தங்கச்சி. சொந்தமில்லை, வாய் பழகிப்போன முறை. குரங்கணியிலிருந்து வருவாள், நான் சோம்பேறி என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒரே ஆள். போடிமெட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்கள் உண்டு. எத்தனை மணி நேரம் எவ்வளவு சூடு வைப்பது என்பதை அங்கே கணினி பார்த்துக்கொள்ளும். அதற்கு நிரல் எழுதுவது அவள், கணினிகளைப் பராமரிப்பது நான்.

என் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. கணினி மொழி ஒன்றை ஏற்றினால் அதனுடன் மாடுல்கள் எனப்படும் சில நிரல் துண்டுகளும் சேர்ந்தே வரும். நேரம் கணக்கிட ஒன்று, கோப்பு படிக்க ஒன்று என்று. மொழியின் அடுத்த பதிப்பு வர நாளாகும். அதற்குள் ஏதாவது ஒரு மாடுலை மட்டும் திருத்தி வெளியிடுவார்கள். அதை நான் தனிப் பேக்கேஜாகக் கட்டி, பென் டிரைவில் போட்டு, வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் கொடுத்துவிடுவேன். மேலே யாராவது சொருகினால் போதும், தானே ஏறிக்கொள்ளும். கணினியும் தனியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்கும். பிறகு மொழியே புதுப் பதிப்புக்கு மாறி, அதனுள் இன்னும் புதிய மாடுல் வந்துவிட்டால் என் பேக்கேஜை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பழையதே புதியதை மறைத்து நிற்கும். ஏற்றுவதற்கு ஜீப் போதும். நீக்குவதற்கு மட்டும் நானே மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறிப் போக வேண்டும். மொழியின் புதுப் பதிப்பை ஜீப்பில் அனுப்பிவிட்டு, என் பழைய பேக்கேஜை நீக்க அடுத்த வாரம் போகலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டேன்.

தேதி மாறும்போது மணிக்கணக்கு பிசகும் குறை என் பழைய நேர மாடுலில் இருந்தது. புதியதில் அது இல்லை. புதியதை நம்பித்தான், அந்தப் பிசகைச் சரிக்கட்டிய வரிகளை எடுத்துவிட்டு, அவள் நிரலை மாற்றி எழுதியிருந்தாள். மேலே பழையதே ஓடியதால் நள்ளிரவு தாண்டியும் சூடு நேரத்துக்கு அணையவில்லை.

"அண்ணே, என் மிசின்ல சரியாத்தான் ஓடுது. மேல எந்த மாடுல எடுக்குதுன்னு ஒருக்கா பாருங்க," என்றாள் மேனேஜர் முன்னாலேயே.

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? புதுசா மாத்துனது நீதான ஆத்தா," என்றேன்.

அந்த வாரமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவள் போன பிறகுதான் நான் மலையேறினேன். எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்க ஒரே ஒரு வரி போதும், தட்டினேன். என் பேக்கேஜின் எண் வந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. நீக்கினேன், எல்லாம் சரியாக ஓடியது, ஜீப் பிடித்து இறங்கி வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவளுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது.

போன மாதம் போடி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். துணிக்கடையில் பில் போடுகிறாளாம். நிரல் எழுதுவதையே விட்டுவிட்டாள். நலம் விசாரித்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"அன்னைக்கு ஒங்க பேரையும்ல கெடுத்துட்டேன்ணே. நெனச்சு நெனச்சுப் பாத்தேன், நாந்தான் வெரசா முடிக்கணும்னு எங்கயோ தப்பு விட்டிருக்கேன். மனசுல வச்சுக்கிறாதீங்க."

அவள் ஏற வேண்டிய பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "பரவால்ல ஆத்தா, அத விடு," என்று சொல்லி அவளை மன்னித்து அனுப்பினேன்.